மூன்று கிலோ படிகக்கல்லை வீட்டிலேயே அறுத்து மெருகேற்ற முடியுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காங்கயம் பக்கம் அவருடைய மாமாவின் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது படிகக்கல் (குவார்ட்ஸ்) ஒன்று மேலே வந்திருக்கிறது. எடை மூன்று கிலோ, அளவில் உரித்த பெரிய தேங்காய். மாமா அதை இவரிடம் கொடுத்துவிட்டார். இவரிடம் இருப்பவை ஒரு மார்பிள் கட்டர், ஒரு டிரில், ஒரு பெஞ்ச் கிரைண்டர். கல் வேலைக்கென்று தனி மெஷின் வாங்க வசதி இல்லை. "வீட்டிலேயே அறுத்து, ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்து, பளபளப்பாக்க முடியுமா? முழுசாக ஒரே கல்லாக வைத்துக்கொள்ள ஆசை" என்கிறார்.

முடியும் தம்பி. ஊட்டியில் என் வீட்டுப் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, இருபது வருடங்களுக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதில் முதல் எட்டு வருடம் உங்களிடம் இருப்பதைவிடக் குறைவான சாமான்களோடுதான் ஓட்டினேன். உங்கள் கேள்வியில் எனக்கு இடறுவது 'முழுசாக' என்ற சொல்தான். அதை இப்போதே முடிவு செய்யாதீர்கள். உள்ளே எத்தனை விரிசல் ஓடுகிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் அது ஒரு கல்லா மூன்று கல்லா என்று சொல்ல முடியும். பெரிய கல்லைக் கெடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கருவி போதாமல் கெடுத்தவர்கள் குறைவு. கல்லைப் பார்க்காமல் பிளேடை வைத்தவர்கள்தான் அதிகம்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் கூடலூர்ப் பக்கம் குடியேறிய ஒரு பெரியவர். இளவயதில் இலங்கையின் இரத்தினபுரியில் கல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு தாயகம் திரும்பி, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு கையால் வில்லை இழுத்துத் தட்டைச் சுழற்றுவார், மறு கையால் கல்லைப் பிடித்துப் பட்டை தீட்டுவார். மின்சாரமே தேவைப்படாத வேலை. நான் முதன்முதலில் எடுத்துப்போன கல்லைக் கையில் வாங்கி, ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டார். "மூணு நாள் பாருங்க. காலை வெளிச்சத்துல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்புறம் வாங்க, எங்க வெட்டலாம்னு பேசுவோம்" என்றார். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று யார் கல்லோடு வந்தாலும் நானும் அதையேதான் சொல்கிறேன்.

பார்ப்பதற்கு முன்னால், அது படிகம்தானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கல்லின் கூர்முனையால் ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள். படிகம் என்றால் கண்ணாடியில் கீறல் விழும், ஏனென்றால் கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7, கண்ணாடியினுடையது ஐந்தரை சொச்சம். சாதாரணக் கத்தி முனையால் கல்லைக் கீறினால் கல்லில் கோடு விழக்கூடாது. இயற்கையான பக்கம் ஏதாவது மிச்சம் இருந்தால், குறுக்கு வாட்டில் நெருக்கமான மெல்லிய வரிகள் தெரியும். ஒரு துளி எலுமிச்சைச் சாறு பட்டு நுரைத்தால் அது கால்சைட் என்ற மென்மையான சுண்ணாம்பு வகைக் கல், கத்தியே அதைக் கீறிவிடும், அதற்கு வேறு வழி. காங்கயம் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் படிகம் மட்டுமா கிடைக்கிறது? படியூர் அக்வாமரினுக்குப் பேர்போன ஊர். கரூர் வரைக்கும் சந்திரகாந்தக்கல்லும் கிடைக்கும். ஒவ்வொன்றும் பிளேடுக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

அதே வட்டாரத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது படிகம், பெரில், சூதுபவளம் என்று மணிகள் வந்தன. வேலை பாதியில் நின்ற மணிகளும் சேர்ந்தே வந்தன. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் அவர்கள் கையில் மோட்டார் இல்லை. தேய்க்கும் பொடியும் தண்ணீரும் பொறுமையும் இருந்தன. நம் ஊர்க் குருந்தம்தான் ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர் பெற்றது. கடினம் 9, படிகத்தை நிதானமாகத் தின்றுவிடும். உங்களிடம் அவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது.

சரி, கல்லைப் பார்க்கும் வேலைக்கு வருவோம். நான் இதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லை மண் போகப் பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டு, வெயில் விழும் இடத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். எழுந்து போகக் கூடாது. மேற்பரப்பு சில நிமிடங்களில் வெளுத்துக் காய்ந்துவிடும். விரிசலுக்குள் போன தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. அதனால் வெளுத்த கல்லின் மேல் கறுத்த மயிர்க்கோடுகள் மட்டும் ஈரமாக நிற்கும். கல் தானே தன் வரைபடத்தைப் போட்டுக் காட்டுகிற நேரம் அது, பத்துப் பதினைந்து நிமிடம்கூட இருக்காது. கையில் ஒரு துண்டு அலுமினியக் கம்பி வைத்திருந்து, அந்தக் கோடுகளின் மேலேயே இழுத்துவிடுங்கள். அலுமினியம் கல்லில் சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் பட்டாலும் போகாது. மார்க்கர் பேனா வேலைக்கு ஆகாது, அறுக்கத் தொடங்கிய அரை நிமிடத்தில் அழிந்துவிடும். எந்தக் கோடு கடைசி வரை ஈரமாக நின்றதோ அதுதான் ஆழமான விரிசல். அதற்கு இரட்டைக் கோடு போடுங்கள்.

அடுத்தது உள்ளே பார்ப்பது. கிணற்றிலிருந்து வந்த கல்லின் மேல்தோல் சொரசொரப்பாக, பாலாடை படிந்ததுபோல இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. இதற்கு நம் மலையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்தின் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலம் வைத்திருப்பார்கள், மூட்டு வலிக்குத் தேய்ப்பது. அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற கணக்கு, 1.536 அளவில் இருக்கும், படிகத்தினுடையது 1.544. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், சொரசொரப்பான பரப்பில் அந்தத் தைலத்தைப் பிரஷால் தடவினால் சொரசொரப்பே காணாமல் போய், ஜன்னல் திறந்த மாதிரி உள்ளே தெரியும். நீலகிரித் தைலத்துக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அந்த எண் 1.46-ஐ ஒட்டித்தான். அவற்றிலும் ஓரளவு தெரியும், இவ்வளவு துல்லியம் வராது. இருட்டறையில் கல்லுக்குப் பின்னால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தைலம் தடவிய பக்கத்திலிருந்து பாருங்கள். விரிசல் என்றால் வெள்ளித் தகடு மாதிரி ஒரு கோணத்தில் மின்னி, கல்லைத் திருப்பினால் மறையும். திருப்பினாலும் மறையாமல் மேகம்போல நிற்பது கலங்கல். அதற்குப் பயப்பட வேண்டாம்.

தண்ணீர்ச் சோதனை முடிந்த பிறகுதான் தைலம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தைலம் முதலில் விரிசலுக்குள் புகுந்துவிட்டால், அந்த விரிசலையே மறைத்துவிடும், அப்புறம் தண்ணீர்ச் சோதனை பொய் சொல்லும். இன்னொன்று, இந்தத் தைலம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளுக்கு ஆபத்து. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்போது கணக்கு. உங்கள் மார்பிள் கட்டரின் பிளேடு 110 மில்லிமீட்டர் என்றால், அது உள்ளே இறங்கும் ஆழம் முப்பது, மிஞ்சிப் போனால் முப்பத்திநாலு மில்லிமீட்டர். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று அறுத்தால் ஆறு சென்டிமீட்டர் சொச்சம் கனம் வரைக்கும் துண்டாக்கலாம். உங்கள் கல் பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர் இருக்கும். சுற்றிச் சுற்றி அறுத்தாலும் நடுவில் ஆறேழு சென்டிமீட்டர் கருவாக மிஞ்சி நிற்கும். பலபேர் இந்த இடத்தில் உளியை எடுத்துத் தட்டிவிடுகிறார்கள். படிகத்துக்கு மரம் மாதிரி பிளக்கும் வாட்டம் கிடையாது. சிப்பி ஓடுபோல வளைந்து, அதற்குப் பிடித்த பக்கம் உடையும். நீங்கள் போட்ட கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அதனால் உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, நடுவே அறுக்காமல் மூலைகளையும் கலங்கிய தோலையும் மட்டும் சீவி எடுத்துவிட்டு, பெரிய கல்லாகவே மெருகேற்றுவது. உள்ளே இரட்டைக்கோட்டு விரிசல் இல்லை என்றால் உங்கள் ஆசைப்படி இதுவே நல்லது. இரண்டாவது, ஆழமான விரிசல் ஒன்று குறுக்கே ஓடுகிறது என்றால், அதை ஒட்டியே கல்லை இரண்டாகப் பிரித்துவிடுவது. அப்படிப்பட்ட கல்லை ஒன்றாக வைத்து மெருகேற்றினால், மூன்று வாரம் உழைத்த பிறகு கடைசி நாளில் கையில் இரண்டாக வரும். மூன்றாவது, நடுவே ஒரே நேரான வெட்டு வேண்டும் என்றால், மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைக்கு எடுத்துப்போவது. பெரிய பிளேடு, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், ஒரு வெட்டு சில நிமிட வேலை. மெதுவாக இறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் வில் கட்டி, இரும்புக் கம்பியில் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு இழுத்தும் அறுக்கலாம். நான் செய்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும், ஆனால் கல்லுக்கு அதிர்ச்சியே இல்லை. விரிசல் நிறைந்த கல்லுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

தூசியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். படிகம் முழுக்க சிலிக்கா. அதை உலர்வாக அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்கும். கல் குவாரியிலும் கல் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் அப்படித்தான் வருகிறது. வந்த பிறகு அதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஆகவே ஒரு நொடிகூட உலர்வாக அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். உங்கள் பெஞ்ச் கிரைண்டரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அது உலர்வாக ஓடுவது, கல்லைச் சூடாக்கும், தூசியை முகத்தில் அடிக்கும். மலையில் குளிருக்கும் மிஸ்டுக்கும் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த வேலைக்கு அது கூடாது. வெளியில் செய்யுங்கள், தண்ணீர் ஓடினாலும் என்95 முகக்கவசம் போடுங்கள். ஈரச் சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான், அதனால் அன்றன்றைக்கே தரையையும் துணியையும் அலசிவிடுங்கள். சேற்றுத் தண்ணீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் நிற்பதை ஒரு குழியில் போட்டு மூடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் வேலை என்பதால், அந்தப் பிளக் பாயிண்டுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் தொடங்காதீர்கள். காலில் ரப்பர் பூட்ஸ் இருக்கட்டும். தண்ணீர்க் குழாய் இணைக்கும் வசதி உள்ள மார்பிள் கட்டரா என்று பாருங்கள். சாதாரண ஆங்கிள் கிரைண்டர் மேல் தண்ணீர் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது.

பிளேடு வாங்கும்போது ஓரத்தில் பிளவு பிளவாக வெட்டு விட்டது வேண்டாம். அது கான்கிரீட்டுக்கு, படிகத்தின் விளிம்பைக் கொத்திக் கொத்தி எடுக்கும். டைல்ஸ் அறுக்கும், ஓரம் முழு வட்டமாக இருக்கும் டைமண்ட் பிளேடு கேளுங்கள். கல்லை ஒருபோதும் கையில் பிடித்துக்கொண்டு அறுக்காதீர்கள். ஒரு மரப்பெட்டியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றி, கல்லைப் பாதி வரை அதில் பதித்து, இறுகிய பிறகு பெட்டியை மேசையோடு கவ்வி வையுங்கள். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைஸில் பிடிப்பவர்களும் உண்டு, ஆனால் மூன்று கிலோ கல்லுக்கு எனக்கு அது போதவில்லை. கோட்டின் மேல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு முதலில் ஒரு வழித்தடம் போடுங்கள். பிறகு அதே தடத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்குங்கள். கட்டரின் எடையே போதும், அழுத்த வேண்டாம். பிளேடு தடத்துக்குள் கொஞ்சம் கோணினாலும் கவ்விக்கொண்டு தூக்கி அடிக்கும், இல்லாவிட்டால் கல் விரியும்.

அறுக்கும் வேகம் திடீரென்று குறைந்து, பிளேடு கல்லின் மேல் வழுக்குகிற மாதிரி இருந்தால் வைரத்துகள் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். பலபேர் இங்கேதான் அழுத்தத் தொடங்குகிறார்கள், கல் சூடாகிறது, போயிற்று. பிளேடைக் கழற்ற வேண்டாம். ஒரு செங்கல்லை நனைத்து வைத்து அதில் நாலைந்து தடவை அறுங்கள். செங்கல் பிளேடின் உலோகத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடும், அடியிலிருந்து புது வைரத்துகள் எட்டிப்பார்க்கும், பிளேடு மறுபடி கடிக்கும்.

சூட்டைப் பற்றி என் கதை ஒன்று. நான் வாங்கிய முதல் பெரிய கல், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான புகைப்படிகம், தேன் கலந்த பிளாக் டீ நிறம். தை மாதம், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்த காலை. கல் ராத்திரி முழுக்க வெளித் திண்ணையில் இருந்திருக்கிறது. நான் அவசரத்தில் எடுத்து, கை விறைக்கிறது என்று வெந்நீர் கலந்த தண்ணீரை விட்டு அறுக்கத் தொடங்கினேன். பிளேடு ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். நாணயத்தைக் கண்ணாடியில் தட்டின மாதிரி 'டிக்' என்று ஒரு சத்தம். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அறுத்த தடத்தின் நுனியிலிருந்து கல்லின் அடி வரைக்கும் வானவில் நிறத்தில் ஒரு தகடு நின்றது. அந்த விரிசல் நேற்று இல்லை. பெரிய கல்லின் வெளிப்பக்கம் சூடாகும்போது உள்பக்கம் குளிர்ந்தே இருக்கும், அந்த இழுபறியைத் தாங்காமல் பிளந்துவிடுகிறது. சின்னக் கல்லில் இது அவ்வளவு நடப்பதில்லை. அதனால் வேலைக்கு முந்தின நாளே கல்லை வீட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மறுநாள் அதே வாளித் தண்ணீரைத்தான் பிளேடுக்கும் விட வேண்டும். கல்லும் தண்ணீரும் ஒரே குளிரில் இருக்கட்டும், உங்கள் கை விறைத்தால் இடையிடையே அடுப்படிக்குப் போய்க் காய்ந்துவிட்டு வாருங்கள்.

மூலைகளைச் சீவிய பிறகு வடிவம். வளைந்த பரப்புக்கு கிரானைட் கடையில் கிடைக்கும் நாலு அங்குல டைமண்ட் பாலிஷ் பேடுகள் அருமையானவை. 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக வரும், நம்பர் ஏற ஏற நைசாகும். இவற்றை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டக் கூடாது, அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடும், பேட் பிய்ந்து பறக்கும். டிரில்லில் மாட்டும் ரப்பர் அடித்தட்டு வாங்கி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பேட்டரி டிரில் யாரிடமாவது இரவல் கிடைத்தால் இன்னும் நிம்மதி. தண்ணீருக்கு நான் மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கி, மேலே ஆணியில் தொங்கும் கேனோடு இணைத்திருக்கிறேன். உருளையை நகர்த்தினால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வரும்.

தட்டையான முகம் வேண்டுமானால் மோட்டாரை ஓரமாக வைத்துவிடுங்கள். எட்டு, பத்து மில்லிமீட்டர் கனமுள்ள பழைய மேசைக் கண்ணாடி ஒன்று போதும். அதன் மேல் அரை ஸ்பூன் 80-ஆம் நம்பர் கார்போரண்டம் பொடி, கொஞ்சம் தண்ணீர். கல்லைக் கவிழ்த்து வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்துக்கொண்டே போங்கள். தொடங்குவதற்கு முன்னால் முகத்தின் விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்து, அந்தச் சில்லே முகத்தைக் கீறும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பொடி போட்டதும் ஆட்டுக்கல்லில் மணல் விழுந்த மாதிரி கரகரவென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது குறைந்து, ஈரத்துணி உரசுகிற மாதிரி ஆகிவிடும். அப்போது பொடி செத்துவிட்டது. வழித்துவிட்டுப் புதுசு போடுங்கள். முகம் சமமாகிவிட்டதா என்று பார்க்க, அலுமினியக் கம்பியால் முகம் முழுக்கக் கட்டம் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் தேயுங்கள். எங்கே கோடு அழியாமல் நிற்கிறதோ அங்கே இன்னும் பள்ளம். உள்ளங்கை அளவு முகத்துக்கு 80-ஆம் நம்பரிலேயே இரண்டு மூன்று மாலைகள் போகும். அலுத்துப்போய் 220-க்குத் தாவாதீர்கள். 80 விட்ட கீறலை 220 எடுக்கும், 80 விட்ட பள்ளத்தை எடுக்காது.

பிறகு 220, 400, 600, 1000. ஒவ்வொரு நம்பருக்கும் தனிக் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கண்ணாடியைத் திருப்பிப் போட்டு, 600-க்கு மேல் வாட்டர் பேப்பருக்கு மாறிவிடுங்கள். நம்பர் மாறும்போதெல்லாம் கல்லை, கையை, நக இடுக்கைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும், முழுக்கைச் சட்டையையும் மாற்ற வேண்டும். 80-ஆம் நம்பர் மணி ஒன்றே ஒன்று 600-க்குள் வந்து விழுந்தால், மூன்று நாள் வேலையின் குறுக்கே கோடு போட்டுவிடும். வண்டி மெக்கானிக் கடை வால்வ் பேஸ்ட்டும் கார்போரண்டம்தான், ஆனால் கிரீஸில் குழைத்தது. அது விரிசலுக்குள் போய்க் கறுப்பாக நின்றுவிடும், படிகத்துக்கு வேண்டாம்.

கடைசி மெருகுக்கு சீரியம் ஆக்ஸைடு. கண்ணாடிக்கு மெருகேற்றுபவர்கள் பயன்படுத்துவது. மரப்பலகையில் தோலையோ ஃபெல்ட்டையோ இழுத்து ஒட்டி, நனைத்து, பொடியைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துத் தடவுங்கள். ரொம்ப ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் நடக்காத மாதிரி தெரியும். தண்ணீர் வற்றி, கல்லைத் தோல் இழுத்துப் பிடிக்கிற நிலை வரும் பாருங்கள், மெருகு ஏறுவது அந்த அரை நிமிடத்தில்தான். அப்படியே முழுக்கக் காயவிட்டுத் தேய்த்தால் சூடு ஏறும். ஒரு துளி தண்ணீர் தொட்டு மறுபடி தேயுங்கள். ஜன்னலின் சட்டம் கல்லில் நெளியாமல் பிரதிபலித்தால் முகம் முடிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சாம்பல் படலம் தெரிகிறது என்றால் சீரியத்தைக் குறை சொல்லாதீர்கள், 600-க்குத் திரும்பிப் போங்கள்.

சீவி எடுத்த துண்டுகளில் தெளிவானவற்றை எடுத்து வையுங்கள். மோதிரக்கல் மாதிரி பட்டை தீட்டுவது வெறுங்கையால் ஆகாது, கோணம் தவறும். படிகத்தில் அடிப்பட்டைகள் 41 பாகைக்குக் குறைந்தால் ஒளி கீழே ஓடிப்போய்க் கல் கண்ணாடித்துண்டு மாதிரி வெறிக்கும். 43 வைத்தால் ஒளி திரும்பி வரும். அதற்கு, குச்சியின் நுனியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, அடிமுனையைத் துளைகள் போட்ட பலகையில் ஊன்றிப் பிடிக்கும் பழைய முறை இருக்கிறது. எந்தத் துளையோ அந்தக் கோணம். பெரியவர் அப்படித்தான் செய்தார். அதைக் கேட்டால் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு அந்தத் துண்டுகளை உருண்டையான வழவழப்புக் கற்களாகத் தேய்த்துப் பழகுங்கள். உங்கள் கையின் பிழைகள் எல்லாம் அவற்றில் போகட்டும், பெரிய கல்லில் வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் இரண்டு படிகத் துண்டுகளை அழுத்தி உரசிக் காட்டுங்கள். தண்ணீருக்குள்ளேயே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் எழும்பும்.

இந்தக் கல் பட்டா நிலத்துக் கிணற்றிலிருந்து வந்தது, சரி. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நடக்கிற வழியெல்லாம் கண் தரையிலேயே இருக்கும். நம் மலைப் பாறைகளில் கார்னெட் சிவப்புச் சிவப்பாகத் தெரியும், எடுக்கத் தோன்றும். காட்டுக்குள் கிடக்கும் கல்லும் வனச்சட்டப்படி வனப்பொருள்தான், அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள். அந்தக் கார்னெட்டில் பெரும்பாலானது நொறுங்கிய மணிகள், சாணையில் வைத்தால் மாவாகிவிடும்.

வெயில் உள்ள ஒரு காலையில் தண்ணீர்ச் சோதனையைச் செய்துவிட்டு, ஈரக்கோடுகள் நிற்கும்போதே நாலு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். இரட்டைக்கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த மூலையிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை கட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.